மேலாளரின் மெத்தை

சோலைராஜ் இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் டிரைவர். நான் அதே வண்டியில் கண்டக்டர். அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்த யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்த கிளை மேலாளர் சொன்னார்.

எல்லாம் ஒரு சீட்டால் வந்தது. டிரைவர் சீட்டில் பஞ்சு போய், கம்பி துருத்திக்கொண்டிருந்தது. முதுகு பிடித்துக்கொண்டு மனிதர் குனியக்கூட முடியாமல் தவித்தார். சீட்டை மாற்றித் தரும்படி மேலாளரிடம் போய்க் கேட்டார். அவரோ புதுச் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, எல்லோர் காதிலும் விழ, “வேலை செய்ய மனசில்லாதவனுக்குத்தான் முதுகு வலிக்கும்” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சோலைராஜ் “சரி சார்” என்று வெளியே வந்தார்.

“இருக்கட்டும்லே. புரட்டாசி வருதுல்லா” என்றார் என்னிடம்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற மலைமேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கக் கூட்டம் நெரியும். வார விடுமுறையில் இருக்கும் எங்கள் டிரைவர்கள் அன்று தாங்களாகவே வந்து சிறப்புப் பேருந்துகளை ஓட்டுவது வழக்கம். உத்தரவெல்லாம் கிடையாது, பெருமாள் காரியம், அவ்வளவுதான். அதை நம்பித்தான் மேலாளர், இந்த வருஷம் ஒரு பயணிகூடக் காத்து நிற்க மாட்டார் என்று மேலிடத்தில் அளந்துவிட்டிருந்தார்.

முதல் சனிக்கிழமை டிரைவர்கள் வந்தார்கள். வேட்டி கட்டி, நாமம் போட்டு, குடும்பத்தோடு. சோலைராஜ் ஒவ்வொருவரிடமும் முன்பே பேசி வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பயணிகளோடு பயணிகளாக நின்று, பஸ் எங்கே என்று அவர்களும் கேட்டார்கள். வண்டிகள் ஓட்ட ஆளில்லாமல் நின்றன. ஜனங்கள் மேலாளரைச் சூழ்ந்துகொண்டு வறுத்தெடுத்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது.

வேர்த்து வழிய அவர் சோலைராஜிடம் ஓடி வந்தார். “அண்ணே, வண்டியை எடுங்கண்ணே.”

“முதுகு வலிக்கி சார். எனக்குத்தான் வேலை செய்ய மனசில்லையே. நீங்கதான சொன்னிய?”

“என்ன வேணும், சொல்லுங்க.”

“உங்க நாற்காலி மெத்தை. நீங்களே தூக்கிட்டு வாங்க.”

ஜீப்பில் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். அதை நெஞ்சோடு அணைத்தபடி கூட்டத்துக்குள் முண்டியடித்து வந்தபோது ஒரு பெண், “ஏட்டி, இந்த ஆளு மெத்தையோடயா மலைக்குப் போறாரு?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. சோலைராஜ் மெத்தையைச் சீட்டில் கட்டி ஏறி உட்கார்ந்தார். மற்ற வண்டிகளும் பின்னாலேயே கிளம்பின.

அடுத்த வாரமே எங்கள் பஸ்ஸுக்குப் புது சீட் வந்துவிட்டது. மெத்தையை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மேலாளர் வெறும் பலகையில் நெளிகிறார். கேட்க வாய் வரவில்லை. சோலைராஜ் டூட்டி முடிந்ததும் தினமும் அந்த அறை வாசலில் நின்று, ரொம்பப் பணிவாக ஒன்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

“முதுகு எப்படி இருக்கு சார்?”