மூன்று அணு வளையம்

சேலத்துக் கல்லூரியில் உதவியாளனாக இருந்தபோது, ஒரு வேதியியல் ஆசிரியரின் உழைப்பை என் சோம்பலால் கெடுத்தேன். மூன்றே அணுக்களால் ஆன வளையத்தைச் செய்து, பின் அதைத் திறந்து புது மருந்தொன்றைக் கட்டுவதே அந்த ஒல்லியான மனிதரின் ஆசை. பேசும்போதெல்லாம் ஈர்க்குச்சியை முக்கோணமாக மடித்துக்கொண்டிருப்பார்.

"வளைச்சுப் புடிச்ச மூங்கிலாட்டங்க சாமி, துளி திராவகம் பட்டாலும் விரிஞ்சிரும்" என்பார்.

நானோ குடுவைகளைத் திராவகத்தில் கழுவி, தண்ணீரில் சரியாக அலசாமலே கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வளையம் முன்கூட்டியே விரிந்தது. "பாழாப்போன சேலத்து வெயிலுங்க" என்று சலித்துக்கொள்வார்.

மனம் பொறுக்காமல் ஒருநாள் உண்மையைச் சொல்லி, நன்றாக அலசிய குடுவையை நீட்டினேன்.

"அடக் கெரகமே, இத்தன நாளா வெயிலையில்ல வஞ்சுட்டிருந்தேன்!" என்று சிரித்தார். பிறகு குடுவையை வாங்கி, மறுபடியும் தானே அலசினார். கடைசிவரை அப்படித்தான்.