மகனைக் காக்கும் சட்டம்

லூயிஷாம் போகும் ரயிலில் எதிரே இருந்த தமிழர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து, இறங்காமலே மறுபடி உட்கார்ந்தார். இலங்கை ஆமிக்கு, அதாவது ராணுவத்துக்குப் பயந்து லண்டனுக்கு ஓடிவந்த வீரன் நான். யாராவது சும்மா எழுந்தாலே நான் வாசலைத் தேடுவேன். பயத்தை மறைக்கப் பேப்பரை விரித்து, அவரிடமே பேச்சுக் கொடுத்தேன்.

"அமெரிக்க ஆமிக்காரரைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தொட ஏலாதாம், அண்ணை. அங்க சட்டமே போட்டிட்டினம். பேசாமல் நானும் அந்த ஆமியில போய்ச் சேரப்போறன்."

"அங்க இருக்கிற என்ர மகன் போன மாசம் சேந்திட்டான்."

என் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நல்லதுதானே, அவரை ஒருத்தரும் பிடிக்க ஏலாது," என்று உளறினேன்.

"அதாலதான் தம்பி எனக்கு நித்திரை இல்லை. இப்பவே இப்பிடிக் காப்பாத்தி வைக்கினம் எண்டால், அவனை என்ன செய்யச் சொல்லப்போகினம்?"

என் நிறுத்தம் வந்தது. நானும் எழுந்து, இறங்காமலே மறுபடி உட்கார்ந்தேன்.