அத்தான் அழுத பாட்டு

என் அக்காவின் கணவருக்குத் தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை. அதோடு அவர் இசை மேதை. முதலாவதற்குச் சம்பளம் வருகிறது. இரண்டாவது அவரே தமக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம்.

முன்னறையில் ஒரு பீரோ நிறைய இசைத்தட்டுகள். ஆப்பரா, ஜாஸ், கவாலி, ஃப்ளமெங்கோ என்று அவர் கால் வைக்காத நாடுகளெல்லாம் அதில் இருந்தன. அக்காவின் துணிமணி கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்தது. அந்த மொழிகளில் ஒன்றுகூட அத்தானுக்குத் தெரியாது. ஆனால் எல்லா மொழியிலும் அழத் தெரியும். ஞாயிறுதோறும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் பல் டாக்டரும் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். பல் டாக்டர் நிஜமாகவே தூங்கிவிடுவார்.

அத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது ஒரு சின்னத் தட்டை. பழைய சாமான் கடையில் உறையில்லாமல் வாங்கியது. யாரோ ஒரு வெளிநாட்டு ஆண், கனத்த குரலில் மெல்ல இழுத்து இழுத்துப் பாடுவார். நடுவில் இரண்டு விம்மல் வரும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் விம்மல் என்று அத்தான் விளக்குவார். தட்டில் 45 என்று போட்டிருந்ததால் பாடகரின் வயதையும் சொல்லிவிடுவார்.

அவர் மகள் நன்றாகப் பாடுவாள். அக்கா மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்தாலே போதும், தட்டில் பாடும் அந்த ஆளைப் பார், ஆழத்தைப் பார் என்று அத்தான் ஆரம்பித்துவிடுவார். அப்பா வாயிலிருந்து ஒரே ஒரு ‘நல்லாயிருக்கு’ வரவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

போன மாதம் அவள் பாட்டும் ஒரு சின்னத் தட்டாக வெளிவந்தது. ஞாயிறன்று கொண்டுவந்தாள். பிளேயரில் அதுவரை யாரும் தொடாத வேகக் குமிழை நகர்த்திவிட்டுப் போட்டாள். எனக்குப் புல்லரித்தது. அத்தான் சட்டையில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆழம் இல்லம்மா. பாட்டுன்னா என்னன்னு காட்டறேன், கேளு” என்று தன் தட்டை எடுத்துப் போட்டார். குமிழைத் தொடவில்லை.

தட்டிலிருந்து ஒரு சின்னப்பெண் துள்ளிக்கொண்டு பாடினாள். விம்மல் வரவேண்டிய இடத்தில் களுக் களுக் என்று சிரித்தாள். பல் டாக்டர் விழித்துக்கொண்டார்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. சின்னத் தட்டுகள் இந்த வேகத்தில்தான் ஓட வேண்டும், நாற்பத்தைந்து என்பது நிமிடத்துக்கு அத்தனை சுற்று, இதுவரை பெரிய தட்டுக்கான மெதுவான வேகத்தில் ஓட்டியிருக்கிறோம் என்று மகள் தணிவாகச் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நானும் கண்ணாடிக் கடைக்காரரும் சிரித்தோம்.

குப்புற விழுந்தாலும் அத்தான் மீசையில் மண் ஒட்டாது. நல்ல மிஷினைக் கெடுத்துவிட்டாய் என்று அவளைத் திட்டிக்கொண்டே குமிழைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். அவருடைய ஆள் திரும்பி வந்தார், விம்மினார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன்னோடதையும் இதே மாதிரி போடு” என்றார்.

அவள் தயங்கித் தயங்கிப் போட்டாள். அவளுடைய அழகான குரல் தடித்து, நொண்டி, யாரோ ஒரு கிழவன் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல் வந்தது. அத்தான் கண்ணை மூடித் தலையாட்டினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“இப்பதாம்மா நல்லாயிருக்கு” என்றார்.

அவள் பிளேயர் பக்கத்திலேயே நின்றாள். “அப்பா, அது நான் இல்லப்பா.”

பாட்டு முடியட்டும், பேசாதே என்று அவர் கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினார்.