ஜுலைகா அக்காவும் தொலைந்த ‘ஆ’க்களும்

பெங்களூரில் அலுவலகப் பேருந்துக்காக நின்றிருந்தபோது ஜுலைகா அக்காவின் மகள் சபீனா அழைத்தாள். “மாமா, அம்மா மௌத்தாயிட்டாங்க. லுஹருக்கு அடக்கம்,” என்றாள். உடனே கிளம்பினாலும் நண்பகல் தொழுகைக்குள் திருவாரூர் போய்ச் சேர முடியாது. அலுவலகத்துக்கே போனேன். அன்று நிரலில் ஒரு வரிகூட எழுதவில்லை.

திருவாரூர் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு ஜுலைகா அக்காவைத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் அவருடைய கணவர் ரியாத்திலிருந்து அனுப்பிய பணத்தில் டி.டி.பி. கடை போட்டார். குடவாசலிலிருந்து பஸ் ஏறி வந்து நான் அங்கே இரண்டாவது கணினியில் வேலைக்கு உட்கார்ந்தேன். விசா விண்ணப்பம் அடிக்க வரும் பெண்கள் வேலை முடிந்த பிறகும் எழுந்து போகமாட்டார்கள். சபருக்கு, அதாவது வளைகுடாவுக்குப் பிழைக்கப் போய் ஊர் திரும்பாத புருஷனைப் பற்றி அக்காவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு, பெயரை மாற்றுவதாக வாக்குக் கொடுத்து, அக்கா அதையெல்லாம் ஒரு புத்தகமாகத் தட்டச்சு செய்தார். அச்சுக்கு முன் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று, இங்கே யாரையும் அறியாத ஒரு சென்னைப் பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அந்தப் பதிப்பாளர் அதை அச்சிடாமலே பதிப்பகத்தை மூடினார்; மூடும்போது கோப்புகளைத் திருப்பி அனுப்பிவைத்தார். அதற்குள் இங்கே புத்தகம் இருந்த பிளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன.

பல வருடங்கள் கழித்துச் சர்க்கரையால் அக்காவுக்குப் பார்வை போனது. எழுத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளைச் சபீனா கணினியில் போட்டுக் கொடுத்தாள். அக்கா முதல் வேலையாகத் தன் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். அது “டாலர், பர்சென்ட், எக்ஸ்” என்று ஒப்பித்தது.

அதற்குள் பெங்களூரில் நிரல் எழுதும் வேலைக்கு வந்துவிட்டிருந்த எனக்குக் காரணம் தெரியும். அந்த நாளில் தமிழ் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளுக்கு எண் கொடுத்தார்கள். எங்களுக்கு விற்றவர் தஞ்சாவூர்க்காரர். கொஞ்ச நாளில் அவரும் துபாய் போய்விட்டார். எந்த எண் எந்த எழுத்து என்று கேட்க ஆளில்லை.

“சபீனாவைப் படிக்கச் சொல்லலாமேக்கா,” என்றேன்.

“அதுல அவ பெரியம்மா கதையும் இருக்கு சேகரு. என்கிட்ட மட்டும் சொன்னதை இன்னொருத்தர் காதுல எப்படிப் போடறது? மெஷின் படிக்கட்டும். அது வெளிய போய்ப் பேசாது.”

“நான் படிக்கலாமா?”

“பேரெல்லாம் மாத்தி முடிக்கிற வரைக்கும் நீயும் படிக்கக் கூடாது.”

ஆகவே, பார்க்கவே கூடாத ஒரு புத்தகத்தை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றப் பைதானில் நிரல் எழுதினேன். மாதிரிக்குக் கடைக் கணினியில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளை அக்கா கொடுத்தார். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பின் எண் எழுத்தின் எண்ணுக்கு முன்னால் நிற்கும்; யூனிகோடில் பின்னால் வர வேண்டும். அதைச் சரிசெய்தேன். பத்திரிகைகள் அழகாக மாறின. நிரலை அனுப்பினேன். சபீனா அதை அம்மாவின் கணினியில் ஓட்டிவிட்டு வெளியே போய்விடுவாள்.

அன்றே அக்கா கூப்பிட்டார். “உன் மெஷினுக்கு வெளிநாடுன்னு சொல்ல வாய் வரல. எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

அந்த எழுத்துருவில் ‘ள’வுக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ஒரே எண். ‘வெளி’ என்பதை என் நிரல் ‘வௌ’ என்று ஒட்டிவிட்டு இகரக் குறியை அந்தரத்தில் விட்டிருந்தது. வளைகுடாவைப் பற்றிய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வெளிநாடுதான். எல்லாம் உடைந்து கிடந்தன. அதைச் சரிசெய்ய முடிந்தது.

சரிசெய்ய முடியாதது ‘ஆ’. எங்கள் எழுத்துருவில் ‘ஆ’வுக்குக் கொடுத்திருந்த எண், மற்றக் கணினிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக்கோடு. சென்னைக்குப் போய்வந்த வழியில் மின்னஞ்சல் அதைத் தேவையற்றது என்று உருவி எறிந்திருந்தது. புத்தகம் முழுக்க ஒரு ‘ஆ’ கிடையாது. ‘னால்’ என்று எந்தச் சொல்லும் தொடங்காது. அதை ‘ஆனால்’ ஆக்கிவிடலாம். ஆசாமி ‘சாமி’யாகி இருந்தால், ஆகாது ‘காது’ ஆகி இருந்தால், நிரல் என்ன செய்யும்?

ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா பேசினார். “‘புள்ளைக்கு பத்துன்னு தெரிஞ்சும் அவர் வரல’ன்னு படிக்குது. பத்து இல்ல சேகரு, ஆபத்து. அவ அதைச் சொல்லும்போது முந்தானையக் கடிச்சுக்கிட்டிருந்தா.”

பக்கத்துச் சொற்களை வைத்து நிரலே ஊகிக்கும்படி செய்கிறேன் என்றேன். பெரும்பாலும் சரியாக வரும் என்றேன்.

“பெரும்பாலும்னா எப்படி? எவளோ ஒருத்தியோட ஆபத்து பத்தாவே நின்னுடுமே. நானே கேட்டுக்கறேன்.”

வரி வரியாகக் கேட்டார். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி, அந்தப் பெண்ணின் குரலை நினைவுபடுத்திப் பார்த்து, விசைப்பலகையை விரலால் தடவித் திருத்தினார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. “இப்படிப் போனா முடியவே முடியாதுக்கா,” என்று கத்தினேன்.

“முடியலன்னா மீதியை அழிச்சிடச் சொல்லி சபீனாகிட்ட சொல்லிட்டேன். வாக்குக் கொடுத்தவ நான். நான் பேர் மாத்தாததை யாரும் படிக்க வேணாம்.”

அடக்கம் முடிந்த மறுவாரம் திருவாரூர் போனேன். அம்மா முடித்திருந்த அத்தியாயங்களைச் சபீனா வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தாள். புத்தகமாக வரப்போகிறது. மீதி கோப்புகள் கணினியில் இருந்தன. பாதிக்கு மேல் அவைதான்.

“கொஞ்ச நாள் வெச்சிரும்மா. பேரை மட்டும் நிரலை வெச்சே மாத்திடலாம்,” என்றேன்.

“எது பேருன்னு யாரு பார்த்துச் சொல்றது மாமா?” என்றாள். பிறகு என் முன்னாலேயே அழித்தாள். நான் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. அது சபீனா மேல் இல்லை, அக்கா மேலும் இல்லை. ஒரு எழுத்துக்கு எந்த எண் என்று எழுத்துரு விற்ற நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்திருந்தால், பார்வை போன ஒரு பெண் தன் கடைசி வருடங்களை ‘ஆ’ தேடிக் கழித்திருக்க வேண்டாம்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நிரல். அக்கா காதால் கேட்டு எனக்குச் சொன்ன ஒவ்வொரு திருத்தமும் அதில் இருக்கிறது. ‘ஆ’ தொலையாத கோப்பு என்றால் இப்போது அது பிழையில்லாமல் ஓடும். அதற்குக் கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.