தேன்மொழி வைத்த பூஸ்டரும் இசக்கித்துரை எடுத்த அரிவாளும்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேன்மொழி கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சிம் கார்டு, ரீசார்ஜ், போன் ரிப்பேர். எனக்கு அவள் பேத்தி முறை. அவள் அப்பன் சங்கரசுப்பு என் சின்ன அத்தையின் பேரன், மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவன். சங்கரசுப்புவின் தம்பி மகாராஜா. அம்மா மாடத்தி இளையரசனேந்தல் பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். மாடத்திக்கு உடன்பிறப்பு என்று இருந்தது ஒரே தம்பி, இசக்கித்துரை. இந்தக் கதைக்கு இவ்வளவு சொந்தம் போதும்.

தேன்மொழிக்குக் கோபம் முன்னால் வரும், பேச்சு பின்னால் வரும். கடை போட்ட புதிதில் ஒருவன், தன்னிடம் கூலிவேலை பார்க்கும் கிழவியைக் கூட்டிவந்து, இவள் கைரேகையில் எனக்கு சிம் கொடு என்றான். யார் பேசப்போகிறாரோ அவர் ரேகைதான் வைக்கவேண்டும், சட்டம் அப்படி என்று இவள் சொன்னாள். அவன் சட்டத்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கையிலிருந்த ஹெல்மெட்டால் இவள் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. இவள் கடை ஷட்டரை இழுத்து அவன் கைமேல் இறக்கிவிட்டாள். மூன்று பேர் சேர்ந்து தூக்கித்தான் கையை எடுத்தார்கள். “ரேகை வைக்கத்தாம்வே கை, அடிக்க இல்ல” என்றாளாம். அந்தத் தழும்பு புருவத்தில் இன்றைக்கும் உண்டு.

இப்படிச் சட்டம் பேசியவள்தான் சட்டத்துக்கு விரோதமான ஒன்றைச் செய்தாள். தாய்க்காகச் செய்தாள்.

மாடத்திக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல். பகலில் வீட்டில் தனியாகக் கிடப்பாள். ஊருக்கு டவர் வந்து சில வருஷம் ஆகியிருந்தாலும், காங்கிரீட் வீட்டின் உள்ளறையில் சிக்னல் நிற்காது. ஒருநாள் மூச்சு முட்டி மகளுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்து, முடியாமல் வாசல்வரை தவழ்ந்து வந்து விழுந்து கிடந்தாள். அதைக் கண்ட பிறகு தேன்மொழி ஆன்லைனில் சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு பூஸ்டர் வாங்கினாள். மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, அறைக்குள் ஒரு பெட்டி. மாட்டிய அன்றைக்கே சிக்னல் முழுசாக நின்றது. கட்டிலில் படுத்தபடியே மாடத்தி கடையிலிருக்கும் மகளோடு பேசினாள்.

அந்த வாரத்திலிருந்து ஊரில் மற்றவர் போன் எல்லாம் செத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும். பல வீட்டில் மணியே அடிக்காது. தேன்மொழி இருந்ததோ டவுனில். வீட்டுக்கு வந்தால் அங்கே நன்றாகக் கேட்கும். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் டவர் கம்பெனிதான் ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினார்கள். பிரசவ வேதனைக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாமல் ஒரு பெண் டிராக்டரிலேயே பிள்ளை பெற்ற அன்று, ஆட்கள் கடப்பாரையோடு போய் டவரடி ஜெனரேட்டரை நொறுக்கினார்கள். பழுது பார்க்க வந்திருந்த பையனை வேலிக்கல்லில் கட்டிவைத்து அடித்தார்கள். இரண்டு பல் போயிற்று. முதல் அடி அடித்தவன் மகாராஜா.

மகாராஜாவுக்கும் இசக்கித்துரைக்கும் ஏற்கெனவே ஆகாது. இசக்கித்துரை பெண்டாட்டி செத்தபிறகு ஆட்டோடு ஆடாகத் திரிகிறவன். அறுவடை முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, அங்கேயே பொங்கித் தின்று, அங்கேயே படுப்பான். அவன் ஆடுகள் ஒருமுறை மகாராஜாவின் உளுந்தில் இறங்கிவிட்டன. மகாராஜா ஒரு கிடாயைப் பிடித்து முன்னங்கால்களைக் கல்லில் வைத்து ஒடித்து அனுப்பினான். இசக்கித்துரை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அக்காளுக்காகப் பொறுத்தான்.

அந்த அக்காள் ஒருநாள் விடியக்காலம் செத்துப்போனாள்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக்குத்தான் முதலில் கேதம் சொல்லவேண்டும். அந்தச் சாவுச் சேதியை இரண்டு பேர் நேரில் போய்ச் சொல்லுவார்கள். உடன்பிறந்தவன் கோடிச் சேலை, அதாவது புதுச்சேலை, கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் தூக்கவேண்டும். கோடி இல்லாமல் தூக்கினால், அந்தப் பெண்ணை அநாதை என்று ஊர்முன்னால் சொன்ன மாதிரி.

இசக்கித்துரை அப்போது கண்மாய்க்கு அந்தப் பக்கம், கருவேலங்காடு தாண்டிக் கிடை போட்டிருந்தான். சொல்லும் பொறுப்பு மகாராஜாவுக்கு. கால் ஒடித்த கிடாய்க்காரன் முன்னால் போய் நிற்க அவனுக்கு மனசில்லை. போன் போட்டான், போகவில்லை. வாட்ஸ்அப்பில், அக்கா போயிட்டா, வா என்று குரல் பதிந்து அனுப்பினான். ஒரு டிக் விழுந்தது, போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவில்லை. கேதம் சொல்லியாச்சு என்று வந்து உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றான் சங்கரசுப்பு. கிடாய்க் கோவத்துலதான் அவன் வராம இருக்கான், பொணம் ஊதிப்போகும், தூக்குங்க என்று மகாராஜா அதட்டினான். தூக்கிவிட்டார்கள்.

இசக்கித்துரைக்குச் சேதி சொன்னது அந்த வழியாக விறகு வெட்டப் போன ஒருவன். இசக்கித்துரை டீக்கடையில் ஒரு பைக்கை இரவல் வாங்கி, டவுனுக்குப் போய்ச் சேலை எடுத்து, நேரே சுடுகாட்டுக்கு வந்தான். சிதை பாதி எரிந்திருந்தது.  கையிலிருந்த சேலையை நெருப்பில் போட்டான். இடுப்பில் தழை ஒடிக்கும் அரிவாள் இருந்தது.

“அக்காளையும் கால ஒடிச்சு அனுப்புதியோ?” என்று கேட்டுக்கொண்டே மகாராஜாவின் கழுத்துக்கு வீசினான். மகாராஜா கையை ஏந்திவிட்டான். வலதுகை நாலு விரலும் சுடுகாட்டு மண்ணில் விழுந்தன. இரண்டாவது வெட்டு தோளில் எலும்புவரை இறங்கியது. கொள்ளி வைத்த சங்கரசுப்பு குறுக்கே விழுந்துதான் மூன்றாவது வெட்டு நின்றது.

இசக்கித்துரை தானே போய்ப் போலீசில் உட்கார்ந்தான். அவன் ஜெயிலில் இருக்கும்போது கிடையில் பாதி ஆடுகளை மகாராஜாவின் ஆட்கள் கட்டிப்போட்டுக் கழுத்தறுத்தார்கள். பதிலுக்கு மகாராஜாவின் வைக்கோல் படப்பு எரிந்தது. அதோடு சேர்ந்து கட்டியிருந்த பசுவும் எரிந்தது. ஜாமீனில் வந்த இசக்கித்துரை திங்கட்கிழமை தோறும் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். அவன் வரும் வழியை மகாராஜா விசாரித்து வைத்துக்கொண்டு, இடதுகையால் வாழைமரம் வெட்டிப் பழகினான்.

இந்த நேரத்தில்தான், டவர் கம்பெனி கொடுத்த புகாரின் பேரில் சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். ஆன்டெனாவைக் கையில் பிடித்துத் தெருத்தெருவாகத் திருப்பிப் பார்த்து, கடைசியில் சங்கரசுப்பு வீட்டு வாசலில் நின்றார்கள். தேன்மொழி அன்று வீட்டில் இருந்தாள். எப்சிபா என்று ஒரு பெண் அதிகாரி. மாடியைப் பார்த்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள். காற்றில் போகிற அலை அரசாங்கத்துடையது, அனுமதி இல்லாமல் யாரும் பெட்டி வைக்கக்கூடாது.

“டவர் பேசினா மட்டும் போதாதும்மா, கேக்கவும் செய்யணும். உங்க பெட்டி அது காதுல ஓயாமக் கத்திட்டே இருந்திருக்கு. உங்க வீடு நல்லாப் பேசும். சுத்துப்பட்டுல யாரு பேசினாலும் டவருக்குக் கேக்காது.”

பெட்டியைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு, நோட்டீஸ் வரும் என்று சொல்லிப் போனார்கள். அன்று சாயங்காலமே ஊரில் எல்லாப் போனும் பேசியது. டவரை உடைத்ததால்தான் கம்பெனி பயந்து சரி செய்தது என்று ஊர் மீசையை முறுக்கிக்கொண்டது. உண்மை தெரிந்தவர்கள் தேன்மொழியும் சங்கரசுப்புவும் மட்டும்.

நம் பெட்டிதான் கேதத்தைத் தின்றது, சித்தப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள் மகள். சங்கரசுப்பு அவள் வாயைப் பொத்தினான்.

“சொல்லாத மக்கா. ரெண்டு பக்கத்து அரிவாளும் உன்மேலதான் திரும்பும்.”

“சொல்லலன்னா திங்கக்கிழம மாமாவ வெட்டிருவாரு.”

“வெட்டட்டும். எனக்கு நீ வேணும்” என்று அவன் அழுதான்.

திங்கட்கிழமை காலையில் அவள் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனாள். தெருமுனையில் நின்ற ஆட்டோவில் மகாராஜா இருந்தான், மடியில் சாக்குச் சுருட்டு. இசக்கித்துரை ஸ்டேஷனுக்குள் போயிருந்தான். தேன்மொழி ஆட்டோ வாசலை மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மகாராஜா நம்பவில்லை.

“ஏட்டி, மாமன் உசுரக் காப்பாத்தக் கதை கட்டுதியா?”

“வியாழக்கிழம பெட்டியக் கழத்துனாக. வியாழக்கிழமதான் ஊருல போன் பேசிச்சு. டவருப் பயலக் கட்டி வச்சு அடிச்சீகளே, அவன் மேலயும் தப்பில்ல. மாமா மேலயும் தப்பில்ல. நீங்க அனுப்புனது போய்ச் சேரவே இல்ல, சித்தப்பா. ஒரு டிக்க நம்பி எங்க அம்மயத் தூக்குனீக.”

மகாராஜா இறங்கினான். சாக்குச் சுருட்டிலிருந்த அரிவாளை உருவித் திருப்பிப் பிடித்து, மொண்ணைப் பக்கத்தால் அவள் தோளில் அடித்தான். கழுத்தெலும்பு ஒடிந்த சத்தம் எதிர்க்கடைவரை கேட்டதாகச் சொல்லுகிறார்கள். விழுந்தவளின் முழங்கையில் இன்னொன்று. மூன்றாவது அடிக்கு ஓங்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு இசக்கித்துரை ஓடிவந்தான். கல்லை எடுத்தான்.

“மாமா, சித்தப்பா சொல்லித்தான் விட்டாரு. நாந்தான் கெடுத்தேன்” என்று தரையில் கிடந்தபடியே அவள் சொன்னாள். பெட்டிக் கதையைத் திக்கித் திக்கி மறுபடியும் சொல்லி முடித்தாள்.

இசக்கித்துரை கல்லைக் கீழே போடவில்லை. மகாராஜாவின் விரலில்லாத கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்பம் நான் எதுக்குலே இவன வெட்டுனேன்?” என்றான்.  கல்லை அவன் தேன்மொழியின் தலைமாட்டில் ஓங்கிப் போட்டான். தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வேண்டுமென்றே தள்ளிப் போட்டானா, குறி தவறியதா என்று அவனுக்குத்தான் தெரியும். அதற்குள் போலீஸ் வந்து இருவரையும் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வெட்டு இல்லை. வெறுக்க இருவருக்கும் பொதுவாக ஒருத்தி கிடைத்துவிட்டாள். மகாராஜா வீட்டு விசேஷத்துக்கு இசக்கித்துரை ஆடு கொடுக்கிறான். ஊர்க்காரர்கள் ரீசார்ஜுக்கு வேறு கடைக்குப் போகிறார்கள். தேன்மொழி அபராதம் கட்டிவிட்டு, கடைக்குப் பின்னாலேயே அறை எடுத்துக் குடியிருக்கிறாள். வலதுகை தோளுக்குமேல் எழும்பாது.

வழக்கு முடியாததால் திங்கட்கிழமை தோறும் இசக்கித்துரை அந்த வழியாகத்தான் வருகிறான். கடைக்கு நேரே வந்ததும் நின்று காறித் துப்பிவிட்டுப் போவான். போன மாசம் நான் கடையில் இருக்கும்போதும் துப்பினான். எனக்கு ரத்தம் கொதித்து எழுந்தேன். அவள் என் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“இரிங்க தாத்தா. துப்புததுக்கு மாமா உசுரோட இருக்காருல்லா” என்றாள்.