மருந்து ஜன்னலில் சண்முகவடிவு

மும்பை தேவ்நாரில் ஓர் அரசு டிஸ்பென்சரியின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் சண்முகவடிவு ஐந்து வருடம் நின்றாள். அது அவளுடைய வேலை அல்ல. அவள் ஆயா. தரை துடைப்பது, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது, டாக்டர் அறையில் விரிப்பு மாற்றுவது என்று அவளுக்கு எழுதிக் கொடுத்த வேலைகள் வேறு. புருஷன் வெயிலுமுத்து அதே டிஸ்பென்சரியில் பியூனாக இருந்தான். அவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு வாரிசு வேலையாக இது அவளுக்குக் கிடைத்தது. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. ஒரே மகள் ஷர்மிளா நாலாம் வகுப்பில் இருந்தாள்.

பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும், சண்முகவடிவு தாராவியில் பிறந்து தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஏழாவது வரை மராத்தியில் படித்திருந்தாள். தமிழ் வாயில் வரும், கையில் வராது. கோவில் நோட்டீஸைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், வார்த்தைகள் தெரியாது.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் கழித்து பார்மசிஸ்ட் ஓய்வு பெற்றுப் போனபோது, புது ஆள் வரும்வரை வேறொரு டிஸ்பென்சரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வந்தார். மூன்று மாதத்தில் அவரும் நின்றுவிட்டார். டாக்டர் வந்தனா ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரைப் பார்க்கிறவர். சீட்டு எழுதிவிட்டு எழுந்து போய் மருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாது. முதல் வாரம் முயன்று பார்த்தார். இரண்டாம் வாரம் சண்முகவடிவைக் கூப்பிட்டு, "மௌஷி, நான் எண் போட்டுத் தருகிறேன். அந்த எண் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடு. ஒரு மாதத்துக்குத்தான்" என்று இந்தியில் சொன்னார். மௌஷி என்றால் மராத்தியில் சித்தி; டிஸ்பென்சரியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மாதங்கள் போயின. எண்ணைப் பார்த்து எடுத்தவள், பிறகு அட்டையின் நிறத்தைப் பார்த்து எடுத்தாள், அதன் பிறகு வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே எடுத்தாள். சுகர்காரர்கள், பிரஷர்காரர்கள், சளிப் பிள்ளைகள், காசநோய் மாத்திரைக்கு வேறு இடம் போகவேண்டியவர்கள் என்று எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள் ஆனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தாள். ஒரு வெட்டு என்றால் காலையில் மட்டும், இரண்டு வெட்டு என்றால் இரண்டு வேளை. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வந்தனா மேலிடத்துக்கு ஆள் கேட்டு எழுதிக்கொண்டேதான் இருந்தார். ஐந்து கடிதம் போயிற்று. பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். சேவை தடையின்றி நடந்துவருகிறது, நியமனம் பரிசீலனையில் உள்ளது. கடைசிப் பதிலை வந்தனா சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். சண்முகவடிவும் கூடச் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அந்த வாக்கியம் அவளுக்கு உறுத்தியது. தடையின்றி நடத்துகிறவள் அவள்தானே.

மூன்றாவது வருடம் ஒரு தப்பு நடந்தது. புதுக் கம்பெனியிலிருந்து வந்த சுகர் மாத்திரை அட்டையும், பழைய பிரஷர் மாத்திரை அட்டையும் ஒரே பச்சை. பூதத்தான் என்கிற பெரியவருக்கு இரண்டும் வேண்டும். அவள் இரண்டு அட்டையும் சுகர் மாத்திரையாகவே கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் அவர் வேர்த்துக் கொட்டி வாசலில் சுருண்டு விழுந்தார். மருமகள் மாரீஸ்வரி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தாள். வந்தனா குளுக்கோஸ் ஏற்றினார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் ஆள் எழுந்துவிட்டார். மாரீஸ்வரி கொண்டுவந்த பையில் இருந்த அட்டைகளை வந்தனா பார்த்தார், சண்முகவடிவைப் பார்த்தார், அட்டைகளைத் தன் மேஜை டிராயரில் போட்டு மூடினார். வீட்டாரிடம், "சாப்பிடாமல் மாத்திரை போட்டிருப்பார், சுகர் இறங்கிவிட்டது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சண்முகவடிவு மகளிடம் உட்கார்ந்து மருந்துப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். ஷர்மிளா அப்போது காலேஜில் இருந்தாள். எட்டு மாதத்தில் அறுபத்திரண்டு பெயர்கள். நிறத்தைப் பார்ப்பதை விட்டாள். அதோடு வாரம் தவறாமல் பூதத்தான் வீட்டுக்கும் போய்வந்தாள். ஏன் வருகிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரே ஊர்ப் பேச்சு, அதனால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது வருடம் தணிக்கைக் குழு வந்தது. அரசு மருத்துவமனைகளிலும் டிஸ்பென்சரிகளிலும் எத்தனை பணியிடம், எத்தனை ஆள், செலவழித்த மருந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிற குழு. நகரம் முழுக்க எதை எதையோ பொறுக்கி எடுத்ததில் இந்த டிஸ்பென்சரியும் விழுந்திருந்தது. வருவது இரண்டு நாள் முன்னாலேயே தெரியும். வந்தனா அவளைக் கூப்பிட்டார்.

"கேட்டால், டாக்டர்தான் மருந்து கொடுக்கிறார், நான் பக்கத்தில் நின்று எடுத்துத் தருகிறேன் என்று சொல். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

கட்டுப் போடுகிற ராஜபாண்டியும் அதையே சொன்னான். அவனும் திருநெல்வேலிக்காரன்தான். "வாயத் தொறக்காதிய அக்கா. அவிய ரெண்டு நாளு இருந்துட்டுப் போயிருவாவ. நம்ம இங்கதான கெடக்கணும்."

சண்முகவடிவு சரி என்று தலையாட்டினாள். அப்போது அவள் மனதிலும் அதுதான் இருந்தது.

குழுவின் அதிகாரி பத்மஜா. ஐம்பதை நெருங்கும் வயது, பருத்திப் புடவை, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். முதல் நாள் முழுக்க ரிஜிஸ்டர் பார்த்தார். இரண்டாம் நாள் வெளியே வரிசையில் நின்றவர்களிடம் போய்ப் பேசினார். அப்போது ஒரு பெண்ணிடம் சண்முகவடிவு, "இது சாப்பாட்டுக்குப் பொறவு, மறந்துராத" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. மத்தியானம் மருந்து அறைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க தமிழா?"

"ஆமா மேடம். திருநெல்வேலிப் பக்கம். தாராவில இருக்கோம்."

"நான் மாட்டுங்கால இருக்கேன். வெளில பதினெட்டு பேர்கிட்ட கேட்டேன், மருந்து யார் குடுக்கறான்னு. பதினெட்டு பேரும் மௌஷிங்கறா. பார்மசிஸ்ட் போஸ்ட் அஞ்சு வருஷமா காலி. மௌஷி யாரு?"

சண்முகவடிவு புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நாந்தான் மேடம்."

"டாக்டர், தானே குடுக்கறதா சொல்றாரே."

"எனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு அப்படிச் சொல்லுதாங்க. நாந்தான் குடுக்கேன்."

பத்மஜா எழுதிக்கொண்டார். பிறகு ஒரு மருந்து அட்டையை எடுத்து நீட்டிப் பெயரைப் படிக்கச் சொன்னார். படித்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று பத்து அட்டைகள். பத்தும் சரி. பத்மஜாவின் முகம் கொஞ்சம் இளகியது.

"நன்னாத்தான் பண்றேள். இத்தனை வருஷத்துல தப்பு ஒண்ணும் நடக்கலையே? இல்லைன்னு போட்டுடறேன்." பேனா அதற்குள் தாளில் இறங்கியிருந்தது.

"ஒண்ணு இருக்கு மேடம்."

பேனா நின்றது. சண்முகவடிவு பூதத்தான் விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். பச்சை அட்டை, ஆட்டோ, குளுக்கோஸ், டிராயர் வரைக்கும். சொல்லி முடித்த பிறகும் பத்மஜா எழுதவில்லை.

"இதை நான் கேக்கலை. நீங்களா சொல்றேள். எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம். டாக்டருக்கும்."

"நல்லா நடக்குன்னு நீங்க எழுதினா இன்னும் அஞ்சு வருசத்துக்கு ஆளு வரமாட்டாங்க மேடம். நானேதான் இங்க நிப்பேன். இன்னொரு கம்பெனிக்காரன் இன்னொரு அட்டைய அனுப்புவான். எனக்கு எல்லாம் தெரியும்னு எல்லாரும் நெனச்சிட்டாவ. எனக்கு அறுவத்திரெண்டு பேருதான் தெரியும். ஒரு மாத்திரையோட இன்னொண்ணு சேந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது."

பத்மஜா எழுதினார். சண்முகவடிவு மராத்தியில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிற சயான் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. நேரே பூதத்தான் வீட்டுக்குப் போனாள். வேறு யார் வாயாலோ அவர்களுக்குத் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. மாரீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருசமா மாமாவப் பாக்க வந்திய. பாசம்னுல்லா நெனச்சேன்."

"பாசமுந்தான்."

மாரீஸ்வரி அரிசித் தண்ணீரை வடித்தாள். கட்டிலில் கிடந்த பூதத்தான்தான் எழுந்து உட்கார்ந்து மருமகளைக் காட்டினார். "அப்ப நான் பட்டினி கெடந்து விழல. ரெண்டு வருசமா இவ என்னையச் சாப்புடு சாப்புடுன்னு படுத்துத பாடு இருக்கே. ஏளா, கேட்டியா?" மருமகள் அரிசியை உலையில் போட்டாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சண்முகவடிவு சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினாள். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தகுதியில்லாதவர் மருந்தைத் தொடக்கூடாது. ஆனால் தகுதியுள்ளவர் வரவில்லை. மருந்து ஜன்னல் நாலு மாதம் மூடியே இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு ஜனங்கள் கோவண்டி டிஸ்பென்சரிக்கு நடந்தார்கள், அல்லது கடையில் வாங்கினார்கள், பலபேர் வாங்கவே இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த சண்முகவடிவைப் பார்த்து, "நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று இந்தியிலும் தமிழிலும் கேட்டார்கள். ஒரு கிழவி அவள் துடைத்த இடத்திலேயே வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் அவளுக்குப் பட்டது. மறுபடி துடைத்தாள்.

அவளுக்கும் வந்தனாவுக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணையில், யார் சொல்லி மருந்து கொடுத்தாய் என்று கேட்டார்கள். "யாரும் இல்லாததால கொடுத்தேன்" என்று மராத்தியில் சொன்னாள். அதை எப்படி எழுதுவது என்று விசாரித்தவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவளைச் செம்பூரில் ஒரு பிரசவ விடுதிக்கு மாற்றினார்கள். வந்தனா எச்சரிக்கையோடு தப்பினார்.

கிளம்புகிற நாளில் வந்தனா கேட்டார்: "என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே மௌஷி?"

"சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நானும் கேட்டிருப்பேன்."

வந்தனா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். உடனே விட்டும் விட்டார். வரிசை காத்திருந்தது.

தணிக்கை அறிக்கை அடுத்த வருடம்தான் சட்டசபைக்குப் போனது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். பெயர் எதுவும் இல்லை. ஒரு டிஸ்பென்சரியில் ஆயா மருந்து வழங்கினார், அதனால் ஒரு நோயாளி பாதிக்கப்பட்டார் என்று இரண்டு வரி. தமிழ்ப் பேப்பரில் அதையே கொட்டை எழுத்தில் தலைப்பாக்கினார்கள். ஷர்மிளா படித்துக்காட்டிவிட்டு, "அம்மா, ஒன்னையக் கொலகாரி மாதிரி எழுதியிருக்கான்" என்றாள். சண்முகவடிவு பேப்பரை வாங்கி அந்த இரண்டு வரியைத் தானே ஒருமுறை கூட்டிப் படித்தாள். "எழுதினது நெசந்தான்" என்றாள். அன்று ராத்திரி மட்டும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புது பார்மசிஸ்ட் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். ஜன்னல் மூடிய ஐந்தாவது மாதம், பதினோரு மாத ஒப்பந்தத்தில். ராஜபாண்டிதான் போனில் சொன்னான்.

"ராஹில்னு பேரு. பக்கத்து சீத்தா கேம்ப் பையன், படிச்சிட்டு வந்திருக்கான். நல்ல புள்ளதான். ஆனா ஆளுக்கு அஞ்சு நிமிசம் எடுக்கான் அக்கா. என்ன சாப்புடுதிய, வேற என்ன மாத்திரன்னு கேள்வியாக் கேக்கான். நேத்து டாக்டரு எழுதினதையே மாத்தச் சொல்லிட்டான், ரெண்டு மாத்திரையும் சேரப்படாதாம்."

"டாக்டரு என்ன சொன்னாங்க?"

"மாத்திக் குடுத்தாங்க. வரிச வாசக் கேட்டு வரைக்கும் நிக்கி. சனங்க ஒங்களத்தான் கேக்காவ."

ஆள் வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். முதலில் வந்தது பொறாமைதான். ஐந்து வருடம் நின்ற இடத்தில் நேற்று வந்தவன் நிற்கிறான். நிம்மதி நாலு நாள் கழித்து, பஸ்ஸில் போகும்போது, தானாக வந்தது. சேரக்கூடாத அந்த இரண்டு மாத்திரைகள் எவை என்று ராஜபாண்டியிடம் கேட்க மறந்துவிட்டோமே என்று யோசித்தாள். பிறகு, எதற்குக் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

செம்பூரில் அவளுக்கு மத்தியானம் இரண்டு மணி டியூட்டி. அங்கேயும் ஆள் குறைவுதான். ஆறு ஆயாக்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேர். பேறுகால அறையில் புதுத் துணிகளை அடுக்கி, வெந்நீர் வைத்து, வலியெடுத்து வருகிற பெண்களின் முதுகைத் தேய்த்துவிடுவாள். பஸ்ஸில் நிம்மதி வந்த அன்று மூன்று பிரசவம். மூன்றாவது, தலைப்பிரசவம். வெந்நீரை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் முதுகைத் தேய்க்கப் போய் நின்றாள்.