கறுத்த ஆணி

என் மேசை இழுப்பறையில் ஓர் ஆணி கிடக்கிறது. விரல் நீளம், நீலம் கலந்த கறுப்பு. பேரப்பிள்ளைகள் இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தார்கள்; நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் விட்டுப்போன சொத்துகளில் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் என் மாமனாருக்குத் தோல் பதனிடும் ஷாப்பு. நான் சேவுகம்பட்டிப் பள்ளியில் புது டீச்சர். காலை பஸ் போய்ச் சேர்வதற்குள் முதல் மணி அடித்துவிடும் என்பதால், பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்காரர்தான் என்னைக் கொண்டுபோய் விடுவார். அதன் பெட்ரோல் டாங்க் முழுக்கத் துரு. துருத்தூள் இறங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும். செம்பட்டி தாண்டியதும் நடுரோட்டில் நிற்போம். இனி ஒரு நாள் தாமதித்தாலும் வேலை இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். "லீவு முடியிறதுக்குள்ள வண்டி சரியாகலேன்னா மருமக வீட்டோட இருக்கட்டும்" என்று மாமனாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தக் காலாண்டு விடுமுறையில் எங்கள் கொல்லை பட்ட பாடு! அவர் டாங்க்கைக் கழற்றி, உள்ளே கூழாங்கல்லும் புளித்தண்ணீரும் போட்டு, சாக்கில் சுற்றி, எரியோட்டுச் சந்தைக்குத் தோல் ஏற்றப் போகும் மாட்டுவண்டியின் அடியில் கட்டி அனுப்பினார். வண்டியின் குலுக்கலில் கல் உரசித் துருவைச் சுரண்டுமாம். சுரண்டவும் செய்தது. ஆனால் கழுவிக் காயவைத்த மறுநாளே உள்ளே செம்மண் பூசியது போல ஆகிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனுஷனோ டாங்க்கின் வாயில் கண்ணை வைத்து, "ஒரே ராத்திரியில எப்படி ஏறுச்சு?" என்று வியந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து இந்த ஆணியை எடுத்துவந்தார். தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிப் பக்கம் இரும்பையே கொண்டுபோகக் கூடாது. பட்டால் தோல் கறுத்து விலைபோகாது. முன்பொருமுறை தொட்டியில் இந்த ஆணி விழுந்து, தோலெல்லாம் கறைபிடித்து, வீடே இழவு வீடாகிவிட்டதாம்.

"அம்புட்டு பேரும் தோலு போச்சே, தோலு போச்சேன்னாக. ஆணி என்னாச்சுன்னு ஒருத்தராச்சும் பாத்தாகளா புள்ள? இம்புட்டு வருசமாச்சு, துருவே ஏறல பாரு."

"டாங்க்கு ஓட்டை விழுந்துட்டா என்ன மச்சான் செய்யிறது?"

"தெரியாது. பாத்துருவோம்."

மாமனாருக்குத் தெரியாமல் ஷாப்புத் தொட்டியிலிருந்து மண்குடத்தில் பட்டைத் தண்ணீர் வந்தது. டாங்க்கில் ஊற்றி வாயை அடைத்துவைத்தோம். கொல்லையே தோல் ஷாப்பு மாதிரி நாறியது. மாமனாருக்கு அது பழகிய வாடை, கண்டுகொள்ளவில்லை. சில நாள் கழித்துக் கவிழ்த்தபோது மசி மாதிரி கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே கன்னங்கரேல். கழுவிக் காயவைத்தும் சிவப்பு எட்டிப்பார்க்கவில்லை. பள்ளி திறந்த அன்று முதல் மணிக்கு முன்னாலேயே வாசலில் இறங்கினேன்.

ஓய்வு பெறும்வரை அந்த வேலையில் இருந்தேன். வண்டி கைமாறிப் போயிற்று, அவரும் போய்விட்டார். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம், வேலை உத்தரவு வந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. இவள் போனால் சமையல் என்னாவது, ஊர் என்ன பேசும் என்று வீட்டில் ஆளுக்கொன்று கேட்டார்கள். அவர் ஒருத்தர்தான் அடுப்படிக்கு வந்து, "வீட்டோட இருந்தா உனக்கு என்னாகும் புள்ள?" என்று கேட்டார். 

ஆணியைத் துடைத்து மறுபடி உள்ளே வைக்கிறேன். இன்னும் துரு ஏறவில்லை.